சோமாலியாவுக்குப் பால் பவுடர் டப்பா அனுப்பாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். "டாக்டர், சோமாலியா வறட்சி வீடியோ பாத்தோம், மனசே ஆறல. பிரெண்ட்ஸ் எல்லாம் சேந்து 300 பால் பவுடர் டப்பா வாங்கிட்டோம், கைக்குழந்தைங்களுக்கு. எப்படி அனுப்புறது?"

2017-இல் சில மாதங்கள் சோமாலியாவின் பைடோவா நகரில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். அதனால் இப்படி அழைப்புகள் வரும். இந்த வருடம் இது நான்காவது. குரலை உயர்த்திவிட்டேன். நல்ல மனதோடு கேட்டவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

பைடோவாவில் ஒரு தாய் நான்கு மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தாள். ஆடுகள் எல்லாம் செத்துப்போனபின் பல நாள் நடந்து ஊருக்கு வெளியே முகாமில் சேர்ந்தவள். யாரோ புண்ணியம் என்று கொடுத்த பால் டப்பாவும் ஒரு புட்டியும் கையில் இருந்தன. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் கால் கரண்டி போட்டிருக்கிறாள். தண்ணீர், கழுதை வண்டியில் விற்கும் தண்ணீர். காய்ச்ச விறகு இல்லை. மூன்று நாளாகப் பேதி. குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. மறுநாள் விடியற்காலையில் குழந்தை இறந்துவிட்டது. அந்தத் தாயின் மார்பில் அப்போதும் கொஞ்சம் பால் இருந்தது.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள்: கிணறு வற்றுகிற மாதிரி மார்பு வற்றாது. "அம்மாவே பட்டினி, அவளுக்கு எங்கிருந்து பால் சுரக்கும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மெலிந்த தாய்க்கும் பால் சுரக்கும். தாய் மிகவும் மோசமாக நலிந்துபோனால்தான் அளவு குறையும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி வந்த நாளிலிருந்து சப்புவது குறையும், பாலும் குறையும். பத்து நாளில் டப்பா காலி. அடுத்த டப்பா வராது, நின்ற பாலும் உடனே திரும்பாது. தாய்க்குச் சாப்பாடும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள், குழந்தைக்கு அவள் கொடுப்பாள். தாயை இழந்த குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு என்ன பால், யார் கலப்பது, எத்தனை மாதம் என்பதை அங்கிருக்கும் மருத்துவக் குழு பார்த்துக்கொள்ளும். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, இப்படித் தானமாக வந்த பால் பவுடர் என்ன செய்தது என்று கணக்கெடுத்தார்கள். தானமாகப் பால் பவுடர் கிடைத்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் 12 சதவீதம்கூட இல்லை.

இன்னொன்று. வறட்சியில் எல்லோரும் பசியால்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பசி உடம்பைத் தளர்த்தி வைக்கும். குழந்தையைக் கொண்டுபோவது பெரும்பாலும் பேதியும் தட்டம்மையும் நிமோனியாவும்தான். 2011 பஞ்சத்தில் சோமாலியாவில் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 2017-இல் பஞ்சம் வராமல் தடுத்துவிட்டார்கள். அதே வருடம் 78,000 பேருக்கு மேல் காலரா அறிகுறிகளோடு வந்தார்கள், 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். கழிப்பறை இல்லாத முகாமில் ஆயிரக்கணக்கானவர்கள், கிடைத்த பள்ளத்துத் தண்ணீர். பிறகு வறட்சி முடிந்தது என்று நாம் நிம்மதியடைகிற அந்த முதல் மழை, வெளியில் கிடக்கும் மலத்தையெல்லாம் கிணற்றில் கொண்டுவந்து சேர்க்கும். நாங்கள் மிகவும் பயந்தது அந்த மழைக்குத்தான்.

டிரிப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரைப் போலவே அங்கும் தகப்பன்மார், "ஊசி போடு, பாட்டில் ஏத்து" என்று கெஞ்சுவார்கள். மேல்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்த, அதாவது கடுமையாக நலிந்த குழந்தைக்கு அவசரப்பட்டு டிரிப் ஏற்றினால் இதயம் தாங்காது. இரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருந்தால் தவிர நாங்கள் ஏற்ற மாட்டோம். கரண்டி கரண்டியாக வாயில்தான். 1971-இல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைத்தான் செய்தார். சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைச் சொந்தக்காரர்களே ஊட்டினார்கள். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளில் இன்னும் ஓஆர்எஸ் (அதே சர்க்கரை-உப்புத் தூள்) பொட்டலத்தை அரை டம்ளரில் கரைக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர்தான். பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

உதவ நினைக்கிறவர்களுக்கு: பொருளாக அனுப்பாதீர்கள். மிச்சம் மீதி மாத்திரை, பழைய துணி, புட்டி எதுவும் வேண்டாம். ஆறு மாதக் குழந்தையிலிருந்து தட்டம்மைத் தடுப்பூசி, வைட்டமின் ஏ சொட்டு, தண்ணீருக்குக் குளோரின், ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது தண்ணீர், கழிப்பறை, தாய்மாருக்குச் சாப்பாடு. உயிரைக் காப்பது இவைதான். இவற்றை அங்கேயே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்குப் பணமாகக் கொடுங்கள். பஞ்சம் என்று அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். 2011-இல் அந்த அறிவிப்பு ஜூலையில்தான் வந்தது. அதற்குள் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி பேசினார். கடைக்காரர் டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம். "தண்ணிக்குன்னு அனுப்பவா, தடுப்பூசிக்குன்னு அனுப்பவா டாக்டர்?" என்றார். எதற்கென்றும் எழுதாதீர்கள் தம்பி, இந்த வாரம் எந்த முகாமுக்குத் தண்ணீர் லாரி போகவில்லை என்று அங்கிருக்கிறவர்களுக்குத் தெரியும் என்றேன்.