மணி அடித்தபின் உடம்பின் பதற்றம் எப்போது இறங்கும்?

பழைய வட ஆற்காடு வட்டாரத்தில் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்பு தீயாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. குடியாத்தம் பக்கம் தீப்பெட்டிப் பட்டறை, ஆம்பூர் பக்கம் தோல் கிடங்கு, கழனிக் கிணற்றில் விழுந்த பசு, அடுக்களைக்குள் புகுந்த பாம்பு என எதுவும் வரலாம். எது வந்தாலும் உடம்புக்கு ஒரே கணக்குதான்.

மணி அடித்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. வீரர் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஓட்டமாய் ஓடும். பின்னால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி, ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. அது உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம், இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாதி வழியில் "திரும்பிடுங்க" என்று தகவல் வந்தாலும் உடம்பு செலவழித்தது செலவழித்ததுதான். நள்ளிரவில் கார்டிசால் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஓர் அழைப்பு, நான்கு மணிக்கு இன்னொன்று என்றால் அது இறங்கவே நேரமில்லை. களைப்பு சேர்வது இங்கேதான். தீயின் முன்னால் நிற்கும் நேரத்தைவிட, இறங்க முடியாத நேரமே உடம்பை அதிகம் தின்கிறது.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, மூச்சுக் கருவியும் கவச உடையுமாக 20 கிலோவுக்கு மேல் சுமப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பார். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. முதலில் கவசத்தைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை இரு கைகளையும் வாளித் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். உள்ளங்கையிலும் முன்கையிலும் ஓடும் ரத்தம் சூட்டை நீருக்குக் கடத்திவிடும். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ வாளியோடு நிறுத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தது. தீராக் களைப்பு, வேலை மீது விலகல், 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நடுவில் இருப்பதைத்தான் மேலதிகாரிகள் தவறாகப் படிக்கிறார்கள். கிணற்றிலிருந்து குழந்தையின் உடலைத் தூக்கியவர் மறுநாள் வெறுமையாய்ப் பேசினால் அது திமிரல்ல. மனம் தன்னை மூடிக்கொள்கிறது. அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். கட்டாயமாக ஒரே அமர்வில் பேசவைப்பது பின்னாளைய மன பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சாப்பாடு, குளியல், தடையில்லாத உறக்கம், கூட இருக்கும் ஒரு சக வீரர்: முதல் நாளுக்கு இவை போதும். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.