மிட்டன் என்றால் குப்பைமேடு

தொல்லியல் கட்டுரைகளில் ‘மிட்டன்’ (midden) என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும். முன்னோர் தின்றுவிட்டுப் போட்ட எலும்பு, சிப்பி, மீன்முள், அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டிபானை எல்லாம் சேர்ந்து மேடு தட்டிப்போன இடம்தான் அது. ‘கழிவுப் படிவு’ என்று எழுதினாலும் புரியும். ஆனால் படிக்கும்போது சாக்கடை நினைப்பு வருகிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து போனது. சாணம், குவியல் என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது. 1850 வாக்கில் டென்மார்க் கடற்கரையின் பெரிய சிப்பி மேடுகளை ஸ்டீன்ஸ்ட்ரப், வோர்சா முதலான டேனிஷ் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவை கடல் ஒதுக்கியவை அல்ல, கற்கால மனிதர் தின்று போட்டவை என்று தெரிந்தது. அடுக்களைக் குப்பை என்ற பொருளில் டேனிஷ் மொழியில் பெயர் வைத்தார்கள். அதுவே ‘கிச்சன் மிட்டன்’ ஆயிற்று.

சாணக்குவியல் என்றதும் கொங்கு நாட்டுக்காரருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இங்கே குப்பை என்றாலே எருதான். “காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?” என்று கேட்டால், மானாவாரிக் காட்டுக்கு, அதாவது மழையை நம்பிய விளைநிலத்துக்கு, வண்டியில் எரு கொண்டுபோய்க் கொட்டியாயிற்றா என்று அர்த்தம். தொழுவத்துச் சாணம், கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் போய்ச் சேர்வது குப்பைக்குழியில். பழைய தமிழில் குப்பை என்றால் வெறும் குவியல்தான். நெற்குப்பை என்று சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரே இருக்கிறது. ஆக, சாணம், குவியல், வீட்டுக் கழிவு என்று மிட்டனுக்குள் இருக்கும் மூன்று பொருளும் நம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இப்படிப்பட்ட குப்பையைக் கிளறித்தான், ஐரோப்பியர் குடியேறிய காலத்துத் தீவுகளில் யார் என்ன தின்றார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஸ்பானியர் 1503இல் இன்றைய ஹைட்டியில் புவெர்ட்டோ ரியால் என்ற ஊரை அமைத்தார்கள். அங்கே தோண்டியபோது மாட்டெலும்பு ஏராளமாகக் கிடைத்தது. கொலம்பஸ் வரும்வரை அந்தத் தீவில் மாடே கிடையாது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களின் கதை வேறு. அடிமைகளுக்கு அளந்து கொடுத்த தீனியில் உப்பிட்ட காட் மீன் உண்டு. காட் குளிர்கடல் மீன். கரீபியன் வெந்நீரில் வாழாது. அதனால் அங்கே ஒரு காட் முள் கிடைத்தாலே, வட அட்லாண்டிக்கிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று சொல்லிவிடலாம். நம்மூர்ச் சந்தையில் கருவாட்டைப் பார்த்தால் கடற்கரையிலிருந்து வந்தது என்று தெரிவதுபோல. உப்பிடுமுன் தலையை வெட்டிவிடுவார்கள். எனவே முதுகெலும்புத் துண்டு மட்டும் இருந்து தலையெலும்பு இல்லாவிட்டால், அது பதப்படுத்தி வந்த மீன். பக்கத்துக் கடலில் பிடித்ததென்றால் தலையும் சேர்ந்தே கிடக்க வாய்ப்பு அதிகம். ரேஷனோடு நிற்காமல் தாங்களே என்ன பிடித்துத் தின்றார்கள் என்பது இப்படித்தான் வெளியே வருகிறது. கணக்கேட்டில் இது ஏறாது, எழுதியவன் முதலாளி ஆள்.

மொரீஷியஸில் டச்சுக்காரர்கள் 1638இல் கட்டிய ஃபிரெடரிக் ஹென்ட்ரிக் கோட்டையிலும் தோண்டினார்கள். அந்தத் தீவில் வாழ்ந்து அழிந்த டோடோ என்ற பறக்காத பறவையை மாலுமிகள் தின்றே தீர்த்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கோட்டையின் 17ஆம் நூற்றாண்டுக் கடைசிக் குப்பையிலோ டோடோ எலும்பு இல்லை. அதற்குள் பறவை அநேகமாக அழிந்திருக்கலாம், அதனால் இதை வைத்து மாலுமிகளை விடுதலை செய்துவிடவும் முடியாது.

மனித எலும்பும் பேசும். கம்பு, சோளம், ராகி, கரும்பு தின்றவர் உடம்பில் ஒரு வகைக் கார்பன் அடையாளத்தை விடுகின்றன. நெல், கோதுமை வேறொன்றை. பல் எனாமல் சின்ன வயதுச் சாப்பாட்டைச் சொல்லும், எலும்பு பிற்காலத்தைச் சொல்லும். சோளச்சோறும் கம்பங்கூழும் தின்று வளர்ந்த ஒருவர் தீவுக்குப் போய் ரேஷன் அரிசியில் காலம் தள்ளியிருந்தால், பல்லும் எலும்பும் இரண்டு விதமாகக் காட்டும்.

சொல்லுக்கு வருவோம். பொதுவாகக் ‘குப்பைமேடு’ போதும். சமையல் கழிவு மட்டுமென்றால் ‘அடுக்களைக் குப்பைமேடு’. சிப்பி மிகுந்திருந்தால் ‘சிப்பிமேடு’. ‘நத்தமேடு’ என்று மட்டும் எழுதக் கூடாது, அது ஆட்கள் குடியிருந்த மேடு. இன்னொன்று: நம் குப்பை குழியிலேயே கிடப்பதில்லை, வருஷாவருஷம் காட்டுக்குப் போய்விடுகிறது. கூடவே பானை ஓடும் போகும். நொய்யல் கரைக் காடுகளில் உழும்போது ஓடு கிளம்பினால், அகழாய்வில் பழைய ஊர் வெளிப்பட்ட கொடுமணல் மாதிரி அங்கேயும் ஊர் இருந்தது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். யாரோ குப்பை அடித்த காடாகவும் இருக்கலாம்.