டானின்: துவர்ப்பொருள்

பிரான்சின் தென்மேற்கில் உள்ள மதிரான் வட்டாரத்துக் குடும்பப் பண்ணைகளின் சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் முதலில் பேசுவது அதன் டானினைப் பற்றித்தான். பிரெஞ்சு மொழியில் ‘தான்’ என்பது தோல் பதனிடுவதற்காக இடித்துத் தூளாக்கிய ஓக் மரப்பட்டையைக் குறிக்கும். அச்சொல்லிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டானின் என்ற பெயர் பிறந்தது. நம் தோல் தொழிலில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் பட்டை செய்துவந்தது.

தோல் தொட்டியில் பிறந்த சொல் மதுக்கிண்ணத்துக்கு வந்ததில் முழுப் பொருத்தம் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் இருக்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவதால் அது சாற்றில் மிகுதியாக இறங்குகிறது. மதிரானின் முதன்மைத் திராட்சையான ‘தன்னா’வில் அது இயல்பாகவே அதிகம். அவ்வகையில் வடித்த இளம் ஒயினை ஒரு வாய் அருந்தினால் ஈறுகள் இறுகும், கன்னத்தின் உட்புறம் சுருங்கும், நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். எச்சிலுக்கு வழவழப்பைத் தரும் புரதங்களை டானின் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். பட்டைச்சாறு விலங்குத் தோலின் புரதத்தைப் பற்றி அதை அழுகாமல் காப்பதும் இதே முறையில்தான்.

இதைக் கசப்பு என்று எழுதுவது பிழை. கசப்பு நாவில் தெரியும் சுவை. டானின் தருவதோ வாய் முழுவதும் பரவும் இறுக்கம். வாழைப்பூவிலும் கடுக்காயிலும் அதை உணர்ந்த தமிழர் துவர்ப்பு எனப் பெயரிட்டு அறுசுவையுள் வைத்தனர். ஆகவே உணர்வைத் துவர்ப்பு என்றும், அதைத் தரும் பொருளைத் துவர்ப்பொருள் என்றும் வழங்குவதே தகும். துவர் என்பதற்குச் செந்நிறம் என்ற பொருளும் உண்டு; துவராடை என்ற சொல்லில் அதைக் காணலாம். ஆயினும் சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற வேறு பொருள் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சுவைக் குறிப்புகளில் ‘மென்மையான டானின்’ என்பதை ‘அடங்கிய துவர்ப்பு’ எனலாம். முற்றாத விதையிலிருந்து இறங்குவதை ‘முரட்டுத் துவர்ப்பு’ எனலாம். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பு தானே அடங்கும். அவ்வளவு காலம் காத்திராமல், ஒயினுக்குள் நுண்ணிய அளவில் ஆக்சிஜனைச் செலுத்தி அதைத் தணிக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் மதிரானைச் சேர்ந்த பத்ரிக் துகூர்னோ. அப்பகுதி மக்கள் இளம் ஒயினுடன் வாத்திறைச்சியை உண்பதிலும் இதே பயன் கிடைக்கிறது: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் சேரும்போது துவர்ப்பின் கடுமை குறைந்துவிடும்.