கேஸ் அடுப்புக்கு ஸ்பேர் வாங்கும் முன் தகட்டைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கேஸ் அடுப்பும் குக்கிங் ரேஞ்சும் பழுதுபார்ப்பது என் தொழில். "தம்பி, அடுப்புத் திருகு உடைஞ்சு போச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்று ஆச்சிகள் போன் செய்வார்கள். எந்தக் கம்பெனி என்றால் பெயர் சொல்வார்கள். என்ன மாடல் என்று கேட்டால், "மூணு பர்னர், கருப்புக் கண்ணாடி" என்பார்கள். மூன்று பர்னரும் கருப்புக் கண்ணாடியும் வைத்து ஒரே கம்பெனி பல மாடல் விற்கிறது. பர்னரின் அளவு, வால்வின் தண்டு, பர்னருக்குள் கேஸை விடும் ஜெட் என்ற சின்ன முனையின் துளை எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. மாடலைச் சொல்வது அடுப்பில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரோ, ரிவெட் அடித்த தகடோதான். அதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேசை மேல் வைக்கும் சாதாரண அடுப்பில் அது பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ பாருங்கள். ரெகுலேட்டரை மூடி, டியூப்பைக் கழற்றிவிட்டுத்தான் அடுப்பைத் தூக்க வேண்டும். மேடையில் பதித்த ஹாப் என்றால் தகடு அடியில் போயிருக்கும். கீழ் அலமாரியைத் திறந்து, போன் கேமராவை மேல்நோக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிடலாம். அடியில் 'அவன்' என்ற பேக்கிங் பெட்டி உள்ள ரேஞ்சில் அதன் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் தெரியும். அங்கே இல்லையா, கீழே பாத்திரம் வைக்கும் டிராயரை வெளியே இழுத்து அந்தச் சட்டத்தில் தேடுங்கள். கடைசியாகப் பின்பக்கம்.

எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தகட்டில் பொறித்த எழுத்து நிழலில் எழும்பித் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்து எண்களே அழிந்துபோன அடுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில் செய்வதுதான், ஆனால் அதன்பின் சரியான ஸ்பேர் தேடுவது பெரும்பாடு.

தகட்டில் மாடல் எண், வரிசை எண் இரண்டும் இருக்கும். இரண்டுமே வேண்டும். ஒரே மாடலை வருடக்கணக்கில் செய்யும் கம்பெனி நடுவில் வால்வையோ இக்னிஷனையோ மாற்றிவிடும். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். எந்தக் காலத்தில் செய்த அடுப்பு என்பதை வரிசை எண்ணை வைத்துத்தான் சர்வீஸ் சென்டர் கண்டுபிடிக்கும். போஷ் தயாரிப்புகளில் ஈ-என்ஆர் என்று ஓர் எண் இருக்கும். அதில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் எந்தத் திருத்தப் பதிப்பு என்று காட்டும். அதை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொன்னால் தவறான பாகம் வர வாய்ப்பு உண்டு. பக்கத்திலேயே எஃப்டி என்று நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 20 கூட்டினால் தயாரித்த வருடம், அடுத்த இரண்டும் மாதம். 9905 என்றிருந்தால் 99-உம் 20-உம் சேர்ந்து 119, கடைசி இரண்டு இலக்கம் 19, அதாவது 2019 மே.

எழுதிக்கொண்டு போவதைவிடப் படம் எடுத்துக்கொண்டு போவது மேல். எட்டும் ஆங்கில 'பி'யும், பூஜ்ஜியமும் ஆங்கில 'ஓ'வும் கையெழுத்தில் குழம்பிவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் பாத்திரம் என்று கப்பலில் சாமான் வந்து இறங்கிய வீடுகள் இவை. இன்றைக்கும் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அங்கே வீடு மாற்றும்போது நல்ல ரேஞ்சை விற்க மனமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய வீடுகளிலும் இப்படி வந்த ரேஞ்ச் இருக்கிறது. பார்க்க அழகாக, கனமாக இருக்கும். ஆனால் நம் சிவப்பு சிலிண்டரில் மாட்டும் முன்னால் அதன் தகட்டைப் படித்தே ஆக வேண்டும்.

ஏனென்றால் கேஸ் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. நமக்கு சிலிண்டரில் வருவது எல்பிஜி. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் குழாயில் வரும் இயற்கை எரிவாயு. சிங்கப்பூர் வீடுகள் பலவற்றில் குழாயில் வருவது ஹைட்ரஜன் அதிகம் கலந்த டவுன் கேஸ். ஒரே கொள்ளளவு எடுத்துக்கொண்டால், எல்பிஜி தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதனால் எல்பிஜி ஜெட்டின் துளை சிறியது, இயற்கை எரிவாயு ஜெட்டின் துளை பெரியது, டவுன் கேஸுக்கு இன்னும் பெரியது. அந்தப் பெரிய துளை வழியாக எல்பிஜியை விட்டால் நெருப்பு மஞ்சளாக உயர்ந்து எழும், பாத்திரம் கரி பிடிக்கும், சரியாக எரியாததால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும். அதற்கு வாசனை கிடையாது. அவனுக்குள் இப்படி எரிந்தால் கண்ணுக்கும் தெரியாது.

ஐரோப்பியத் தகட்டில் ஜி20 என்றிருந்தால் இயற்கை எரிவாயு. ஜி30 பியூட்டேன், ஜி31 புரோப்பேன். பக்கத்தில் அழுத்தம் மில்லிபாரில் இருக்கும். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது ஏறத்தாழ 30 மில்லிபார். ஐரோப்பிய ஜெட்டின் தலையில் 70, 85 என்று எண் அடித்திருந்தால் அது துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 70 என்றால் 0.70 மில்லிமீட்டர். எல்பிஜிக்கு மாற்றும் ஜெட் செட்டை பல கம்பெனிகள் ரேஞ்சுடனேயே ஒரு சின்னப் பையில் போட்டு அனுப்பும். சாமான் கட்டும்போது அந்தப் பையைத் தொலைத்துவிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பழைய ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து ஊசியால் குத்திச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மின்சாரத்தையும் பாருங்கள். அமெரிக்க ரேஞ்சின் இக்னிஷனும் கடிகாரமும் 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் வீட்டில் வருவது 230.

கல்யாண வீட்டிலும் இதே அழுத்தக் கணக்கு வரும். பலகாரம் போட வரும் சமையல் கோஷ்டி 19 கிலோ சிலிண்டரும் ஹை பிரஷர் ரெகுலேட்டரும் கொண்டுவருவார்கள். அதிரசமும் மணகோலமும் சுட்டு முடிந்ததும் மிச்சம் இருக்கிற கேஸைச் செலவழிக்க அதே ரெகுலேட்டரில் வீட்டு அடுப்பை மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வீட்டு அடுப்பின் வால்வும் டியூப்பும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்படவில்லை.

இப்போது திருகுக்கு வருகிறேன். பத்து ரூபாய்ச் சாமான்தானே, எது பொருந்தினால் என்ன என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். திருகின் உள்துளை முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வால்வின் தண்டு சில மாடலில் 6 மில்லிமீட்டர், சிலவற்றில் 8. தட்டைப் பக்கம் மேலே இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்பதும் மாறும். தட்டை மாறிய திருகை மாட்டினால் குறி 'ஆஃப்'புக்கு நேரே நிற்கும், உள்ளே வால்வு கொஞ்சம் திறந்திருக்கும். பால் பொங்கி நெருப்பு அணைந்த நேரத்தில் அவசரமாகத் திருகைத் திருப்பி, குறியைப் பார்த்து மூடிவிட்டோம் என்று நம்பிவிடுவோம். தொளதொளவென்ற திருகு என்றால் அது மட்டும் சுற்றும், தண்டு அசையாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். உயரமான நிலைப்படி வைத்த பழைய அடுப்படியில் அது வெளியே போக நேரமாகும். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் ஆச்சி வாசனை பிடித்துக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வால்வும் டியூப்பும் பழுதில்லை, சந்தையில் வாங்கிய திருகுதான் காரணம்.

வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகளுக்கும் ஒரு சொல். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ திருவிழாவுக்கோ வந்து திறந்ததும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். வால்வில் போட்ட கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். பர்னருக்கு அடியில் உள்ள குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். அது அடைத்தால் நெருப்பு மேலே வராமல் ஜெட்டருகே எரியும். டியூப்பை எலி கடித்திருக்கலாம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பில் தயாரித்த வருடம் அச்சிட்டிருக்கும், ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஈரம் பட்டு ஸ்டிக்கர் உரிந்திருப்பதும் இந்த வீடுகளில்தான் அதிகம். ஆகவே அடுத்த முறை வரும்போது முதல் வேலையாகத் தகட்டைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

தகடு போயேவிட்டதா? பில், வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டி எதிலாவது எண் இருக்கும். வாரண்டி பதிவு செய்திருந்தால் உங்கள் போன் எண்ணை வைத்தே சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தருவார்கள். அதுவும் இல்லையென்றால் பழைய பாகத்தைப் பத்திரமாகக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அவனின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உடலிலேயே அதைச் செய்தவரின் எண்ணும் வெப்ப அளவும் அடித்திருக்கும். ஹீட்டிங் காயிலில் வாட்ஸும் வோல்ட்டும் இருக்கும், திருகாணித் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். கதவு ரப்பருக்கு எத்தனை கொக்கி, மூன்று பக்கமா நான்கு பக்கமா என்று பாருங்கள்.

நெருப்பு அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் வசதி உள்ள அடுப்பில், திருகை அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிறது, விட்டால் அணைகிறது என்று புகார் வரும். நெருப்பின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் என்ற பாகத்தை வாங்க ஓடுவதற்கு முன் அதன் முனையைத் துடையுங்கள். முனை நெருப்பில் படும்படி நிற்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுவே தீர்வு. அப்படியும் சரியாகவில்லை என்றால் நீளமும் இரு முனைகளின் வடிவமும் ஒத்த தெர்மோகப்பிளை வாங்க வேண்டும். அந்த வசதியையே நீக்கிவிட்டு நேராக எரியும்படி செய்து தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

புது அடுப்பு வாங்குகிறவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4246 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமா என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

ஸ்பேர் இல்லை, புது அடுப்பு வாங்குங்கள் என்று ஷோரூமில் சொன்னால் உடனே நம்ப வேண்டாம். மாடல் எண்ணோடு கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்திருக்கும் கம்பெனிகளின் சர்வீஸ், ஸ்பேர் விவரம் கிடைக்கும். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எந்தப் பாகம் மாற்றினாலும், மெக்கானிக் கிளம்பும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடாது. நுரை குமிழ் விட்டால் கசிவு. ரெகுலேட்டரை மூடி இணைப்பைத் திரும்ப இறுக்கி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவர் போன பிறகு வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள். அது எந்த நேரமும் எடுக்கும் கேஸ் கசிவு அவசர எண்.