குற்றத் தொடர்கள் காட்டாத காயங்கள்

"உயிர் சரியாக எத்தனை மணிக்குப் போனது, டாக்டர்?" தடய மருத்துவத்தில் இருக்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. தொலைக்காட்சித் தொடரில் வரும் மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்த கையோடு "இரவு பத்துக்கும் பத்தரைக்கும் நடுவில்" என்று சொல்லிவிடுகிறார். நாங்கள் சொல்வதோ சில மணி நேர இடைவெளி. சில சமயம் அரை நாள். உடல் குளிர்வது உடுத்தியிருந்த துணி, உடல்வாகு, அறையின் வெப்பம், காற்றோட்டம் எல்லாவற்றையும் பொறுத்தது. விறைப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கலாம், பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவலாம்; வெயில் காலத்தில் இந்தக் கணக்கே மாறிவிடும். இதைப் பொறுமையாக விளக்கினாலும் சில உறவினர்களின் முகத்தில் சந்தேகம் படர்வதைப் பார்க்கிறேன். எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த ஏமாற்றத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2000-இல், தடய ஆய்வாளர்கள் துப்பறியும் 'சி.எஸ்.ஐ.' தொடர் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, ஜூரிகள் (குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பொதுமக்கள்) மிகையான அறிவியல் சாட்சியம் கேட்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் முறையிட ஆரம்பித்தார்கள். மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006-இல் ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 1,000 பேரிடம் கேட்டுப் பார்த்தார். எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதாவதொரு அறிவியல் சான்று இருக்க வேண்டும் என்று 46 சதவீதத்தினர் எதிர்பார்த்தனர். எல்லா வழக்கிலும் டிஎன்ஏ வேண்டும் என்றவர்கள் 22 சதவீதம். அந்தத் தொடரைப் பார்ப்பவர்களிடம் எதிர்பார்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் அதனாலேயே அவர்கள் குற்றவாளிகளை விடுவித்துவிடுகிறார்கள் என்ற பயத்துக்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே தொடர்கள் நீதியைக் கெடுத்துவிட்டன என்று நான் கூச்சலிடப் போவதில்லை. என் கவலை நீதிமன்றத்துக்கு வெகு முன்னால், பாதிக்கப்பட்டவரின் வீட்டிலேயே தொடங்குகிறது.

அதற்கு முன், ஆய்வகத்தின் மீது வளர்ந்திருக்கும் அளவற்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் கைரேகை கணினியில் ஓடி, ஒரு முகத்தில் போய் நிற்கிறது. உண்மையில் கணினி ஒத்துப்போகக்கூடிய சில ரேகைகளைத் தருகிறது; முடிவெடுப்பது கண்ணால் ஒப்பிடும் மனிதர். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை வைத்து, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கறிஞரைப் பிடித்து அடைத்தது. தேர்ந்த நிபுணர்கள் பலர் பார்த்து ஒப்புக்கொண்ட பொருத்தம் அது. ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகே அவர் வெளியே வந்தார். கடித்த தடம், முடி ஒப்பீடு போன்றவற்றின் நிலை இதைவிடப் பலவீனமானது. 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு, ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்கும் திறன் கடுமையான சோதனைகளால் நிறுவப்பட்டிருப்பது டிஎன்ஏ முறைக்கு மட்டுமே என்று எழுதியது.

குற்ற வழக்குகளில் அந்த டிஎன்ஏவின் முதல் வேலை எது என்பதையும் தொடர்கள் சொல்வதில்லை. 1986-இல் இங்கிலாந்தில் ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்ட 17 வயதுப் பையன் நிரபராதி என்பதைத்தான் அது முதலில் காட்டியது. திரையில் விசாரணை அறையில் ஒருவன் உடைந்து அழுது ஒப்புக்கொண்டால் கதை முடிந்தது. வாழ்க்கையில் மிரட்சியாலும் களைப்பாலும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிற்பாடு டிஎன்ஏ சோதனையால் விடுதலையானவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் பொய் வாக்குமூலத்தால் சிக்கியவர்கள்.

இனி, வீட்டுக்குள் நடப்பதற்கு வருகிறேன்.

தொலைக்காட்சி ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களிலேயே ஒன்றைக் கவனித்தார்: அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், உலகம் உள்ளதைவிடக் கொடியது என்று நம்புகிறார்கள். நான் அதோடு ஒன்று சேர்ப்பேன்: ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையும் அவர்கள் தவறாகவே கணிக்கிறார்கள். தொடரின் கொலையாளி இருட்டில் பதுங்கியிருக்கும் அந்நியன், அல்லது புதிர் போட்டு விளையாடும் மேதாவி. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்கின்படி 2017-இல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 87,000 பேர். அவர்களில் சுமார் 50,000 பேரைக் கொன்றது கணவனோ காதலனோ குடும்பத்தாரோதான். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிறோம். உள்ளே இருப்பவரின் கையை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கை கழுத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. திரையில் கழுத்தை நெரித்தால் பத்து விரல்களும் நீலமாகப் பதிந்திருக்கும். அதனால், கணவன் கழுத்தைப் பிடித்து அழுத்தினான் என்று ஒரு பெண் சொல்லும்போது, கூட வந்தவர்கள் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். "ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். அந்தப் பெண்ணும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் சொல்லைத் தானே நம்பாமல் போகிறாள். நான் கழுத்தோடு நிறுத்துவதில்லை. குரல் கம்மியிருக்கிறதா என்று பேச வைத்துக் கேட்கிறேன். எச்சில் விழுங்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கிறேன். கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகளைத் தேடுகிறேன். காதின் பின்புறத்தையும் வாயின் உள்பகுதியையும் விளக்கடித்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் கண் இருண்டதா, சிறுநீர் கழிந்துவிட்டதா என்று தனியாக வைத்துக் கேட்கிறேன். பல பெண்கள் இதை வெட்கத்தால் சொல்லாமல் விடுகிறார்கள். ஆனால் நினைவு தப்பியதற்கு அது முக்கியமான அடையாளம்.

இது என் சொந்த அனுமானம் அன்று. கழுத்து நெரிக்கப்பட்டதாகக் காவல்துறைக்கு வந்த 300 புகார்களை அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆராய்ந்து, முடிவுகளை 2001-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேரிடம் வெளியே தெரியும் காயமே இல்லை. மேலும் 35 சதவீதத்தினரிடம் காயம் புகைப்படத்தில் பிடிபடாத அளவுக்குச் சிறியது. ஆனால் அடையாளம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். தொண்டை உள்ளுக்குள் மெல்ல வீங்கி மூச்சை அடைக்கலாம். 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ஏற்கெனவே ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் அதே துணையால் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். கன்னத்தில் விழுந்த அறையோடு இதைச் சேர்த்து "புருஷன் பெண்டாட்டி சண்டை" என்று சமாதானம் செய்து அனுப்பும் பெரியவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மகளை எங்கே திருப்பி அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துதான் அனுப்புகிறீர்களா?

கழுத்தில் அழுத்தம் பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "கழுத்தை நெரித்தார்" என்ற சொற்களையே மருத்துவரிடம் சொல்லுங்கள்; "அடித்தார்" என்று மட்டும் சொன்னால் தேட வேண்டியதைத் தேடாமல் விட்டுவிடக்கூடும்.

பாலியல் வன்முறையிலும் இதே கதைதான். உடலெல்லாம் கீறல், கிழிந்த உடை, கடைசிவரை போராட்டம் என்று திரை ஒரு சித்திரத்தைப் பதித்துவிட்டது. பயத்தில் உடல் அசையாமல் உறைந்துபோவது மிகச் சாதாரணம். காயமே இல்லாமல் வருபவர்கள் ஏராளம். காயம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நடக்கவில்லை என்று எந்த மருத்துவரும் எழுதக் கூடாது. குளித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்ற எண்ணமும் தொடர்கள் தந்ததே. குளிக்காமல் வருவது நல்லது. அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயத்தைக் கெடுத்துவிடும். ஆனால் குளித்துவிட்டாலும், துணியைத் துவைத்துவிட்டாலும், இரண்டு நாள் கடந்துவிட்டாலும் வாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கலாம். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு பலன். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை ஐந்து நாள் வரை தரலாம். இவை இரண்டுக்கும் எந்தத் தடயமும் தேவையில்லை, புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டியதும் இல்லை.