பீரோவைத் தூக்கித் தள்ளுவதும் சுமோ மல்யுத்தமும்

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். பீரோவை நேராகத் தள்ளினால் அசையவே அசையாது. "அந்தப் பக்கம் லேசாத் தூக்கிக்கிட்டுத் தள்ளுங்க" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்ததும் சரசரவென்று நகரும். பீரோவின் எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. அது தரையை அழுத்துவதுதான் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும், உராய்வு குறைந்தால் பிடிமானம் போய்விடும்.

இரண்டு குண்டு மனிதர்கள் முட்டிக்கொள்கிறார்கள் என்று நாம் நினைக்கும் ஜப்பானின் சுமோ மல்யுத்தமும் பெரும்பாலும் இந்த வேலைதான். என்ன, இங்கே பீரோவும் பதிலுக்குத் தள்ளும்.

களம் களிமண்ணால் ஆன மேடை. பெயர் தோஹ்யோ. அதன்மேல் மெல்லிய மணல். பாதி புதைத்த வைக்கோல் மூட்டைகளால் 4.55 மீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே காலை வைத்தால் தோல்வி. ஆட்டம் தொடங்கியபின் உள்ளங்கால் தவிர வேறு எந்த உறுப்பு தரையைத் தொட்டாலும் தோல்வி. எடைப்பிரிவு கிடையாது. 100 கிலோக்காரருக்கு எதிரே 200 கிலோக்காரர் வந்து நிற்கலாம். 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னால் குனிந்து, கைகளைத் தரையில் ஊன்றி, இருவரும் ஒரே கணத்தில் பாய்வார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

அந்தச் சில விநாடிகளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். இருவருமே 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எதிராளியைவிடத் தாழ்வாகப் புகுந்து, கட்டைவிரலை மற்ற விரல்களிலிருந்து கவட்டை மாதிரி விரித்து, அவர் அக்குளில் கொடுத்து மேல்நோக்கி நெம்புகிறார். 20 கிலோவைத் தூக்கும் அளவுக்கு நெம்பினால் போதும். எதிராளியின் பாதம் தரையை இப்போது 130 கிலோ அளவுக்குத்தான் அழுத்தும். அந்த 20 கிலோ எங்கே போனது? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நெம்பியவரின் கால்வழியே தரைக்கு இறங்குகிறது. அவர் 170 கிலோக்காரர் ஆகிவிட்டார். சமமாக நின்ற இருவருக்கு நடுவே, கண் இமைப்பதற்குள் 40 கிலோ வித்தியாசம். எதிராளியின் எடையைத் திருடித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிற வேலை இது. இடுப்பில் சுற்றிய மவாஷி என்ற கச்சையைப் பிடித்து மேலே இழுத்தாலும் இதேதான் நடக்கும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, கச்சையைப் பிடித்து, எதிராளியை வட்டத்துக்கு வெளியே நடத்திக்கொண்டு போவதற்கு யொரிகிரி என்று பெயர். அதிகாரபூர்வமாக 82 வெற்றி முறைகள் இருந்தாலும் அதிகம் காணக்கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று.

தாழ்வாகப் போவது நல்லதுதான், ஆனால் தலை பாதத்தைத் தாண்டி ரொம்ப முன்னால் போனால் ஆபத்து. எதிராளி சட்டென்று விலகி, தோளில் ஒரு தட்டு தட்டுவார். நம்மவர் குப்புற விழுவார். காலைத் தூக்கி வைத்து நடப்பதும் கூடாது. ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்தில் யாரும் தள்ளிவிடலாம். அதனால்தான் தரையோடு பாதத்தைத் தேய்த்தபடியே நகரும் சுரியாஷி என்ற நடையைப் பயிற்சியில் மணிக்கணக்காகப் பழகுகிறார்கள். அதைவிட முக்கியமானது ஷிகோ. ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, நிதானித்து, தரையில் ஓங்கி மிதித்து அப்படியே தாழ்ந்து உட்கார வேண்டும். தினமும் நூற்றுக்கணக்கான முறை! தொடையும் இடுப்பும் இதில்தான் உறுதியாகின்றன.

எடை மட்டும் போதுமென்றால் ரஷ்யாவிலிருந்து வந்த ஓரோராதான் எல்லாரையும் வென்றிருக்க வேண்டும். தொழில்முறை சுமோவில் பதிவான மிக அதிக எடை அவருடையது, 292.6 கிலோ. ஆனால் சம்பளம் வாங்கும் தரத்துக்கு அவர் ஒருநாளும் ஏறவில்லை. இன்னொரு பக்கம் சியோனொஃபுஜி, ஏறக்குறைய 125 கிலோ உடம்போடு 31 கோப்பைகளை வென்றவர்.

சம்பளம் என்றேன் அல்லவா, அதில் ஒரு கொடுமை இருக்கிறது. மொத்தம் சுமார் 600 வீரர்கள். மேல் இரண்டு பிரிவுகளில் இருக்கும் 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். அந்த 70-இல் கடைசி ஆளுக்கே மாதம் 11 லட்சம் யென். உச்சத்தில் இருக்கும் யொகொசுனாவுக்கு 30 லட்சம். 71-ஆவது ஆளுக்குச் சம்பளமே இல்லை, சாப்பாடும் படுக்கையும் சிறு படியும்தான். ஆண்டுக்கு ஆறு போட்டித் தொடர்கள், ஒவ்வொன்றும் 15 நாள். மேல்பிரிவு வீரர் 15-இல் எட்டு ஜெயித்தால் பொதுவாக ஏறுவார், ஏழு என்றால் இறங்குவார். யொகொசுனாவுக்கு மட்டும் இறக்கம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆட்டம் தளர்ந்தால் அவர் தானாகவே ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

வீரர்கள் எல்லாரும் 'ஹெயா' எனப்படும் பயிற்சிக்கூடங்களைச் சேர்ந்தவர்கள். இளையவர்கள் அங்கேயே ஒன்றாகத் தங்குகிறார்கள். விடியுமுன் எழுந்து முதலில் களத்தில் இறங்குவதும் அவர்கள்தான். காலை உணவு கிடையாது. வெறும் வயிற்றில் பல மணி நேரப் பயிற்சி. அப்புறம் குளியல், அப்புறம் சாப்பாடு, இரண்டுமே தரவரிசைப்படிதான். பெரியவர்கள் சாப்பிட, சின்னவர்கள் பின்னால் நின்று பரிமாறுவார்கள். கோழி, மீன், தோஃபு, காய்கறி எல்லாம் போட்டுக் கொதிக்கவைக்கும் சாங்கோ என்ற குழம்புதான் பிரதானம். நான்கு கால் விலங்குகள் கையை ஊன்றி நிற்கின்றன, அதாவது தோற்ற நிலை. கோழியோ இரண்டு காலில் நிற்கிறது, அதனால் அதுதான் ராசி என்று ஒரு நம்பிக்கை. சாங்கோவில் அப்படியொன்றும் கொழுப்பு இல்லை. எடை ஏறுவது அளவாலும், கூடவே போகும் சோற்றாலும், உண்டதும் போடும் தூக்கத்தாலும்.

இப்படி வளர்த்த உடம்பு முழுக்கக் கொழுப்பா? இல்லை. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 181 கிலோ எடையுள்ள ஒரு வீரரை அளந்தார்கள். உடல் கொழுப்பு 33 சதவீதம். அதைக் கழித்தாலும் தசை, எலும்பு, உள்ளுறுப்பு எல்லாம் சேர்ந்து 121 கிலோ மிச்சம். கொழுப்பு சேரும் இடமும் வேறு. சாதாரணத் தொப்பையில் கொழுப்பு குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படியும். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது பெரும்பாலும் அதுதான். சுமோ வீரர்களை ஸ்கேன் செய்தால் கொழுப்பின் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அன்றாடக் கடும் உழைப்பு அதை உள்ளே போகவிடுவதில்லை.

ஆனால் முழங்காலுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. மங்கோலியாவைச் சேர்ந்த தெருனொஃபுஜி 2015-இல் ஓஸெகி என்ற இரண்டாம் உயர்நிலைக்கு ஏறினார். முழங்கால் காயமும் சர்க்கரை நோயும் அவரைப் பிடித்துக்கொண்டன. 2019-இல் கீழிருந்து இரண்டாவது பிரிவுக்கு விழுந்தார். ஓஸெகியாக இருந்த மனிதர், சம்பளம் இல்லாத சிறுவர்களோடு மறுபடி முதலிலிருந்து ஆடினார். 2020 ஜூலையில் மேல்பிரிவுக் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டே யொகொசுனா ஆனார். அதே முழங்கால்களோடு 2025 ஜனவரி வரை தாக்குப்பிடித்தார்.

ஓய்வு பெற்றபின் நடக்கும் விழாவில், எண்ணெய் பூசி முடிந்த குடுமியை மேடையில் வைத்தே வெட்டிவிடுவார்கள். உண்மையான ஆபத்து ஓய்வுக்குப் பிறகுதான். ஷிகோ நின்றுவிடும், பசி நிற்காது. தோலுக்கடியில் சாதுவாக இருந்த கொழுப்பு உள்ளே குடியேறத் தொடங்கும். அதனால் எடையை வேகமாகக் குறைக்க வேண்டும். ஆனால் ஓய்வு பெற்ற பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாங்கோ ஹோட்டல் திறக்கிறார்கள்.