ஒருவருக்கு விளக்கம், இன்னொருவருக்குச் சுமை

வடகொழும்பில் தரம் 7 மாணவருக்குக் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய வகுப்பில் 38 பிள்ளைகள். தனியார் வகுப்பில் பின்னங்களை ஏற்கெனவே முடித்துவிட்டு வந்து அமர்பவர்களும், மலையகத்திலிருந்து இவ்வாண்டுதான் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்தவர்களும், ஆங்கில மொழிமூலத்திலிருந்து தமிழ் மொழிமூலத்துக்கு மாறியவர்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள். 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரே ஒரு பாடக்குறிப்பை எழுதும்போது யாரை மனத்தில் வைத்து எழுதுவது என்று கேட்டிருந்தார். நடுத்தரமான பிள்ளையை வைத்து எழுதும்படி மூத்த ஆசிரியர்கள் சொல்லித் தந்திருக்கிறார்களாம். அந்த ஆலோசனை ஏன் போதாது என்பதை நமது நினைவின் அமைப்பே காட்டிவிடுகிறது.

நினைவு இருவகைப்படும் என்பதைப் பலரும் அறிவர். வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைக்கும் நீள்கால நினைவுக்கு எல்லை கண்டவர் இல்லை. ஆனால் இந்தக் கணத்தில் சிந்தித்துக்கொண்டிருப்பதை ஏந்தி நிற்கும் செயல்நினைவு மிகச் சிறியது. 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் அதன் கொள்ளளவை ஏறத்தாழ ஏழு என்றார்; 2001இல் நெல்சன் கோவன், பழைய ஆய்வுகளையெல்லாம் மீண்டும் ஆராய்ந்து, அது நான்கை ஒட்டியதுதான் என்று வாதிட்டார். ஏழோ நான்கோ, எண்ணப்படுவது எது என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது.

100138155 என்ற ஒன்பது இலக்கங்களை ஒருமுறை வாசித்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். கொழும்புக்குப் புதியவருக்கு இவை ஒன்பது தனித்தனி இலக்கங்கள். ஆறாவது ஏழாவதிலேயே நாக்குத் தடுமாறும். நாள்தோறும் பஸ்ஸில் போகிறவருக்கோ இவை மூன்றே பொருள்கள்: பாணந்துறையிலிருந்து காலி வீதி வழியே புறக்கோட்டைக்கு வரும் 100, மகரகமைப் பக்கத்திலிருந்து வரும் 138, மட்டக்குளிக்குப் போகும் 155. இருவருடைய செயல்நினைவும் ஒரே அளவுதான். ஆனால் பின்னவருடைய நீள்கால நினைவில் மூன்று இலக்கங்கள் ஒரு முடிச்சாக ஏற்கெனவே கட்டப்பட்டுள்ளன. ஒரு முடிச்சு ஓர் இடத்தை மட்டுமே அடைக்கிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹேர்பேர்ட் சைமனும் சதுரங்க வீரர்களிடம் இதையே கண்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் காய்நிலையை ஐந்து விநாடிகள் காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியான கட்டங்களில் வைத்தார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவரிடம் இருந்தது அபூர்வமான நினைவாற்றல் அன்று. ஆடிப் பழகிய முடிச்சுகள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். 1/3 + 1/4 என்று கரும்பலகையில் எழுதியதும், சமவலுப் பின்னங்களை நன்கு அறிந்த பிள்ளைக்கு 4/12, 3/12 என்பவை தாமாகவே எழுந்துவிடுகின்றன. மிச்சம் ஒரு கூட்டல்தான். அந்த முடிச்சு இல்லாத பிள்ளை, பொதுப் பகுதியைத் தேட வேண்டும், தேடிய 12ஐ மறக்காமல் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் எதனால் பெருக்குவது என்று யோசிக்க வேண்டும், இதற்கிடையில் ஆசிரியர் சொல்லும் அடுத்த வசனத்தையும் கேட்க வேண்டும். மூன்றாம் படியில் அப்பிள்ளையின் கண்கள் யன்னலுக்குப் போனால் அது அசட்டை அன்று, இடமின்மை. ஆகவே ஒவ்வொரு படியும் எழுதப்பட்ட, முழுமையாகச் செய்து காட்டிய உதாரணத்தை அப்பிள்ளையின் முன் வைத்தால், தேடும் சுமை நீங்கி, விளங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஜோன் ஸ்வெலர் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த கோட்பாட்டின் சாரம் இதுவே.

அப்படியானால் எல்லோருக்கும் எல்லாப் படிகளையும் விளக்கிவிட்டால் போதாதா? போதாது. பல ஆண்டுகளாகியும் என்னை வியப்பில் ஆழ்த்தும் பகுதி இதுதான். ஸ்லாவா கல்யூகாவும் ஸ்வெலர் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் 2003இல் தொகுத்துக் காட்டியபடி, புதிதாகக் கற்பவருக்குக் கைகொடுக்கும் அதே விளக்கம், அறிந்தவரின் கற்றலைப் பின்னுக்கு இழுக்கக்கூடும். தெரிந்த ஒன்றைக் கேட்டால் சலிப்புத்தானே வரும், தீங்கு எங்கே என்று தோன்றலாம். ஆனால் கண்முன் இருக்கும் விளக்கத்தை மனம் எளிதில் ஒதுக்கிவிடுவதில்லை. 12 என்று உடனே கண்டுவிட்ட பிள்ளை, பலகையில் ஆசிரியர் 3இன் மடங்குகளையும் 4இன் மடங்குகளையும் வரிசையாக எழுதுவதைப் பின்தொடர்கிறது. தன் வழியும் ஆசிரியரின் வழியும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீட்டுக்கே செயல்நினைவின் இடம் செலவாகிறது. அழகாகக் கட்டி வைத்த முடிச்சை நாமே அவிழ்த்து, இலக்கம் இலக்கமாகக் கையில் கொடுப்பதற்கு இது சமம். 'நடுத்தரமான பிள்ளைக்கு' எழுதப்படும் பாடம் ஒரு பக்கத்தில் குறைவாகவும் மறுபக்கத்தில் மிகையாகவும் விளக்கி, இருபுறமும் இழப்பை உண்டாக்குவது இதனால்தான்.

பிள்ளைகளிடையே உள்ள வேறுபாட்டுக்கு மருந்தென்று பயிற்சிப் பட்டறைகளில் இன்றும் சொல்லப்படும் ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிரித்துக் கற்பிக்கும்படி ஆசிரியருக்குக் கூறுகிறார்கள். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயனுண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, நான்கு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு தெளிவாகவே கூறியது. அப்பட்டறைகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கையேனும், தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் பின்னங்களில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நம் வகுப்பறைகளிலேயே ஆராய்வதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியைக்கு நான் எழுதிய பதில், பாடத்துக்கு முந்திய நாளிலிருந்து தொடங்குகிறது. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில், அரைத்தாளில் 1/3 + 1/4 என்ற ஒரே கணக்கைச் செய்யச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். புள்ளியிடத் தேவையில்லை, விடைகளை மட்டும் குவியலாகப் பிரித்தால் போதும். 2/7 என்று எழுதிய பிள்ளை மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டியிருக்கிறது; அதற்குப் பின்னம் இன்னும் ஓர் எண்ணாகவில்லை. 2/12 என்று எழுதிய பிள்ளைக்குப் பொதுப் பகுதி தெரியும், பகுதி மாறும்போது தொகுதியும் மாற வேண்டும் என்பது தெரியாது. மூன்றாம் குவியலில் 7/12.

மறுநாள் 2/7 குவியலுக்கு விதியைச் சொல்வதற்கு முன், 21 டொபிகளைக் கொடுத்து 1/3 பங்கையும் 2/7 பங்கையும் எண்ணச் சொல்லலாம். முன்னது 7, பின்னது 6. மூன்றிலொன்றோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு கையில் இருப்பது குறைந்திருக்கிறதே என்று பிள்ளை தானாகவே நிமிர்ந்து பார்க்கும். அதன் பிறகு கொடுக்கும் முழு உதாரணம் உள்ளே இறங்கும். 2/12 குவியலுக்கு, மற்றப் படிகளெல்லாம் எழுதி, தொகுதிகளை மாற்றும் படியை மட்டும் வெற்றிடமாக விட்ட தாள். 7/12 குவியலுக்கு விளக்கமே வேண்டாம். கூட்டினால் 7/12 தரும் வேறு இரண்டு பின்னங்களைக் கண்டுபிடிக்கும் வேலை. நாட்கள் செல்லச் செல்ல, முதற் குவியலின் உதாரணத்திலும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக அழித்துக்கொண்டே வர வேண்டும். இவ்வாறு படிப்படியாக உதவியைக் குறைப்பதை ஜேர்மனியின் அலெக்சாண்டர் ரெங்கிளும் அவருடைய சகாக்களும் சோதித்து, பயனுள்ளதென்று கண்டிருக்கிறார்கள்.

குவியல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்றும் எழுதினேன். பின்னத்தில் முதற் குவியலில் இருக்கும் பிள்ளை, தோட்டத்தில் தந்தையோடு நிலம் அளந்து பழகியிருந்தால், பரப்பளவுப் பாடத்தில் மூன்றாம் குவியலில் இருக்கக்கூடும். 'மெல்லக் கற்பவர்' என்று ஒருமுறை ஒட்டிய பெயர் அதைப் பார்க்க விடாது. அதனால் அன்றைய பாடம் முடியும்போதும் அரைத்தாள் ஒன்று: 2/3 + 1/5. அன்றிரவு 3/8, 3/15, 13/15 என்று விடைகள் மீண்டும் மூன்றாகப் பிரியும். எந்தப் பிள்ளை எந்தக் குவியலிலிருந்து எதற்கு மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த பாடக்குறிப்பின் முதல் வரியை எழுத வேண்டும்.